பச்சைக் குடத்தின் குரல்

என்னம்மா அப்படிப் பாக்குறீங்க? காப்பிக்காரர்கிட்ட சத்தம் போட்டேனே, அதுக்கா? இல்ல, இந்தக் குரலை எங்கயோ கேட்டிருக்கோமேன்னு யோசிக்கிறீங்களா? ரெண்டாவதுதான். எனக்குத் தெரியும். பஸ்ல, ரயில்ல, ரேஷன் கடையில, நான் வாயத் திறந்தா நாலு தலை திரும்பும். மூஞ்சியப் பாத்துட்டு, இந்தம்மாவா இருக்காதுன்னு மறுபடி அந்தப் பக்கம் திரும்பிக்கும்.

நான்தான். பச்சைக் குடம். டிவில வருதே, ஓட்டைக் குடம், ஒழுகிக்கிட்டே ஓடுமே. வீட்டுல பிள்ளைங்க பாக்குறாங்களா? பாக்கட்டும், நல்லது.

கோயமுத்தூர்ல ஒரு ஸ்கூல்ல ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. சிறப்பு விருந்தினர். பேப்பர்காரங்களுக்குத் தெரியாதது பிள்ளைங்களுக்குத் தெரியுது பாருங்க. பேப்பர்ல அரைப் பக்கம் போட்டாங்கம்மா. 'ஓவியர் இளம்பரிதியின் கனவு'ன்னு தலைப்பு. அவன் படம், குடம் படம், அவன் தெருப் படம். கடைசி வரியில, 'குரல்: அமலி'. அவ்வளவுதான். என் முழுப் பேரு அமலோற்பவம். அதக்கூடப் போடல. அதனால யாரு கேட்டாலும் நடந்தத நடந்தபடி சொல்லிடறதுன்னு வெச்சிருக்கேன். நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். இந்த ரயிலு கோயமுத்தூர் போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கு.

நான் டப்பிங் ஆர்ட்டிஸ்ட். கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே. வெளிநாட்டுக் கார்ட்டூன்ல வர்ற பொடிப்பசங்க, பூனை, வாத்து, எல்லாம் தமிழ்ல நான்தான். அந்த வேலை எப்படின்னா, அவங்க ஏற்கனவே படம் வரைஞ்சு முடிச்சு அனுப்பிடுவாங்க. வாத்து எப்ப வாயத் திறக்குதோ அப்ப நான் திறக்கணும். அது மூடுனா நான் மூடணும். அது மூச்சு வாங்குனா நானும் வாங்கணும். இத்தனை வருஷமா எவனோ வரைஞ்ச வாய்க்கு நான் ஆடியிருக்கேன். ஒரு தடவையாவது நான் முதல்ல பேசணும், என் வாய்க்கு ஒருத்தன் படம் வரையணும்னு ஆசை. பேராசையா இது? நீங்களே சொல்லுங்க.

இளம்பரிதி அப்பத்தான் வந்தான். நாங்க டப்பிங் பேசுற தியேட்டர் சாலிகிராமத்துல. அதே கட்டடத்துல மேல் மாடியில கார்ட்டூன் வரையிற கம்பெனி. அங்க வேலை. வெளிநாட்டுக்காரன் உண்டாக்குன பொம்மைக்கு இவங்க கை காலு அசைச்சு விடணும். அவன் மட்டும் வருஷக்கணக்கா ஒரு கரடியோட இடது கைய வரைஞ்சுக்கிட்டு இருந்தான். நான் வாத்துக்கு வாயாடினேன், அவன் கரடிக்குக் கையாட்டினான். டீக்கடையில சேந்துக்கிட்டோம்.

நல்ல பையன். வியாசர்பாடி. என்ன, பேச்சு மட்டும் திக்கும். முதல் எழுத்துலயே நின்னுடுவான், கண்ணு ரெண்டும் இறுகி மூடிக்கும். பாக்கவே பாவமா இருக்கும். அப்படிப்பட்டவங்ககிட்ட எப்படி நடந்துக்கணும்னு பல பேருக்குத் தெரியாது. நான் என்ன பண்ணுவேன்னா, அவன் ஆரம்பிக்கிற வார்த்தைய நானே முடிச்சு வெச்சிடுவேன். 'டீ'ன்னு சொல்ல வர்றானா, டீ ஆர்டர் பண்ணிடுவேன். சில சமயம் அவன் வேற ஏதோ சொல்ல வந்திருப்பான். பரவாயில்ல, நான் சொன்னதையே வெச்சுக்குவான். தங்கமான குணம்.

டீக்கடையில உக்காந்து பில்லுத்தாள் பின்னாடி குடமா வரைவான். அவன் தெருவுல தண்ணி லாரி வர்றதுக்கு முன்னாடி குடத்தை வரிசையா வெச்சிட்டு ஜனங்க வீட்டுக்குள்ள போயிடுவாங்களாம். ஆளுக்குப் பதிலா குடங்க நிக்கும். யாரும் பாக்காதப்ப அதுங்க பேசிக்கிட்டா எப்படி இருக்கும்? அதான் கதை. நீலக் கலர் டிரம்மு ஒண்ணு, பெரியப்பா மாதிரி யாருக்கும் வழிவிடாது. மூக்கு நசுங்குன எவர்சில்வர் குடம், அதுக்குப் பேரு அத்தை. 'நாங்கள்லாம் அந்தக் காலத்துல சீர்வரிசையில வந்தவங்க'ன்னு பீத்திக்கும். அப்புறம் பச்சை. பிளாஸ்டிக்கு. இடுப்புல கீறல். தண்ணி பிடிச்ச நிமிஷத்துலயிருந்து ஒழுகும். வீடு போய்ச் சேர்றதுக்குள்ள பாதி போயிடும். அதனால அவ ஓடிக்கிட்டே இருப்பா.

அவன் வரைஞ்சதப் பாத்தவுடனே எனக்கு வாய் சும்மா இருக்கல. டீக்கடையிலயே பச்சையா மாறி, 'வழி விடுங்க, வழி விடுங்க, நான் போயிட்டு இருக்கேன், நிஜமாவே போயிட்டு இருக்கேன், கீழ பாருங்க!'ன்னு ஒரு கத்து கத்தினேன். டீக்கடைக்காரர் கிளாஸக் கீழ போட்டுட்டார். பரிதி சிரிச்சான் பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு. சிரிக்கும்போது திக்கவே இல்ல. அன்னைக்குச் சொன்னேன், 'தம்பி, இது நம்ம ரெண்டு பேரோட பிள்ளை. இத நான் கரை சேக்குறேன்.' அவன் ஏதோ சொல்ல வந்தான். 'நன்றியெல்லாம் வேணாம்'னுட்டேன்.

அப்புறம் மும்பைல ஒரு பெரிய கார்ட்டூன் ஸ்டூடியோ, தென்னாட்டுக் கதைங்க வேணும், அனுப்புங்கன்னு கேட்டிருந்தாங்க. பரிதி அனுப்பினான். கூப்பிட்டாங்க. நேர்ல வந்து சொல்லுங்கன்னாங்க. அவனுக்குப் பேச வராதே? அதனால நான் கூடப் போனேன். அவன் கூப்பிட்டானான்னு கேக்காதீங்க. கூப்பிட்டாத்தானா? போகணும், போனேன்.

அந்த ஆபீஸ் இருக்கே, எல்லாம் கண்ணாடி. நடுவுல நீள மேசை. தலைப்பக்கம் ரோஷ்ணி மேடம். குட்டை முடி, மெலிசான குரல். அவங்கதான் சரின்னு சொன்னா சரி. பக்கத்துல நம்மூர்க்காரர் அச்சுதன், தெற்கத்திப் பாஷையெல்லாம் அவர் பொறுப்பு. இன்னும் ரெண்டு மூணு பேரு லேப்டாப்புக்குப் பின்னாடி. பரிதி படத்த ஓட விட்டான். நான் எழுந்து நின்னேன்.

அடிச்சு ஆடினேம்மா. டிரம்மு, அத்தை, பச்சை, தண்ணி லாரி ஹாரன், லாரி டிரைவரோட இருமல், எல்லாம் நானே. தமிழு, இங்கிலீஷு, பாதி இந்தி. லேப்டாப்புக்குப் பின்னாடி இருந்தவங்கல்லாம் தலையத் தூக்கிட்டாங்க. அத்தைக்குக் கை தட்டினாங்க. ரோஷ்ணி மேடம் கண்ணத் தொடச்சிக்கிட்டு சிரிச்சாங்க.

அப்புறம் கேள்வி. மேடம் பரிதியைப் பாத்து, 'இந்தப் பச்சைக் குடத்துக்கு ஏன் கீறல்? கதையில ஏன் அத யாரும் அடைக்கல?'ன்னு கேட்டாங்க. அவன் வாயத் திறந்தான். முதல் எழுத்துலயே நின்னுட்டான். அவ்வளவு பேரு பாக்குறாங்க, விட முடியுமா? 'ஏழைங்க மேடம், புதுக்குடம் வாங்க வழியில்ல'ன்னு நான் சொல்லிட்டேன். மேடம் என்னைப் பாத்தாங்க, மறுபடி அவனைப் பாத்தாங்க. 'அதத்தான் நீங்களும் சொல்ல வந்தீங்களா?'ன்னு கேட்டாங்க. என்ன கேள்வி இது? 'ஆமா'ன்னேன்.

அடுத்து ஒருத்தன், 'தண்ணிக்கு வரிசையில நிக்கிறது டெல்லிப் பிள்ளைங்களுக்குப் புரியுமா? குடத்துக்குப் பதிலா வாட்டர் பாட்டில் வெச்சா என்ன? பறக்குற பாட்டில்?'னான். 'ஏன் சார், டெல்லில எல்லாரும் ஆத்தங்கரையிலயா குடியிருக்காங்க? உங்க ஆபீஸ் வாசல்லயே தண்ணி லாரி நிக்குது, வரும்போது பாத்தேன்'னேன். எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. பாட்டில் பேச்சு அதோட போச்சு. பாத்தீங்களா? நான் இல்லேன்னா இன்னைக்கு பச்சை ஒரு பறக்குற பாட்டிலு.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. கடைசியில மேடம் குரலத் தணிச்சு அச்சுதன்கிட்ட என்னமோ சொன்னாங்க. அவரு தொண்டையக் கனைச்சிட்டு, 'அக்கா, கதை பிடிச்சிருக்கு. ஒரே ஒரு விஷயம். பச்சைக்கு ஒரு பெரிய ஹீரோயின் குரல் போடலாம்னு பாக்குறாங்க. விளம்பரத்துக்கு உதவும். நீங்க அத்தைக்குப் பண்ணுங்களேன், அத்தை பிரமாதம்'னார்.

அத்தைக்கு! மூக்கு நசுங்குன எவர்சில்வருக்கு நான் வேணுமாம். பச்சைக்கு, வாழ்க்கையில ஒரு குடம்கூடத் தூக்காத ஒரு பொண்ணாம்.

எனக்கு உள்ளங்கால்லயிருந்து சூடு ஏறுச்சு. பக்கத்துல பரிதி என் புடவைத் தலைப்பப் பிடிச்சு இழுக்குறான். 'அ… அக்கா'ங்கிறான். மேடத்தப் பாத்து கையத் தூக்குறான், ஸ்கூல் பிள்ளை மாதிரி. அவனும் கொதிச்சுப் போயிட்டான்னு புரிஞ்சுக்கிட்டேன். 'நீ இரு, நான் பாத்துக்குறேன்'னேன். எழுந்தேன். 'மேடம், எங்க பிள்ளைக்கு வேற ஒருத்தி குரல் வாடகைக்கு வேணாம். அமலோற்பவம் இல்லாம பச்சை இல்ல. நாங்க வர்றோம்.' லேப்டாப்ப மூடினேன். பையில போட்டேன். அவனோட லேப்டாப்புதான், இருந்தா என்ன? அவன் கையப் பிடிச்சு வெளிய இழுத்துட்டு வந்துட்டேன்.

லிஃப்டுல அவனுக்கு மூஞ்சி வெளுத்திருந்துச்சு. 'நா… நா… நா…'ன்னான். 'தெரியும்ப்பா. நானும் இருக்கேன்னுதானே சொல்ற? தெரியும்'னேன். ரயில்ல ஊர் வர்ற வரைக்கும் ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வந்தான். பெருமையில பேச்சு வரலன்னு நினைச்சேன்.

வந்த பிறகு என் போனை எடுக்கல. டீக்கடைக்கு வரல. உடம்பு சரியில்லையோன்னு கவலைப்பட்டேன். ஒரு நாள் எங்க தியேட்டர் சவுண்ட் இன்ஜினியர் மேகநாதன் சாதாரணமாச் சொல்றார், 'பரிதி மறுபடி மும்பை போயிருக்காராமே, அந்த ஸ்டூடியோக்காரங்க கூப்பிட்டாங்களாம், தனியா.'

தனியா!

நான் சண்டை போட்டு மூடிட்டு வந்த கதவை, இவன் பின்பக்கமாப் போய்த் தட்டியிருக்கான். எப்படி இருக்கும் எனக்கு? நீங்க ஆத்திரப்பட மாட்டீங்க? தியேட்டர்ல இருந்தவங்ககிட்டல்லாம் சொன்னேன். யூனியன்ல சொன்னேன். டீக்கடைக்காரர்கிட்ட சொன்னேன். அவன் வீட்டுக்கே போய் வாசல்ல நின்னு கத்தினேன், அவன் ஊர்லயே இல்ல, அவங்க அம்மா பயந்து தண்ணி கொண்டுவந்து குடுத்தாங்க. குடிச்சிட்டு மறுபடி கத்தினேன்.

சும்மாவும் இருக்கல நான். வடபழனில ஒரு கம்பெனிக்குப் போய், பச்சைக் குடம்னு ஒரு கதை இருக்குன்னு சொன்னேன். நடிச்சுக் காட்டினேன். ஆபீஸே கூடிடுச்சு. கம்பெனி முதலாளி, 'படம் எங்கம்மா?'ன்னார். 'படம் என்ன சார் படம், குரல் இருக்கு'ன்னேன். டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வெச்சார். நல்ல மனுஷன், ஆனா தொழில் தெரியாது.

இப்படிக் கத்திக் கத்தியே தொண்டை போச்சு. காலைல எழுந்து, 'காப்பி'ன்னேன், வெறும் காத்துதான் வருது. டாக்டர் குழாய விட்டுப் பாத்துட்டு, 'குரல் நாண் வீங்கியிருக்கு. நான் சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுக்கக் கூடக் கூடாது. பேசுனீங்கன்னா அப்புறம் எப்பவும் பேச முடியாது'ன்னுட்டார். சத்தியமாச் சொல்றேன், பயந்துட்டேன். புருஷன் போனப்பக்கூட நான் அப்படிப் பயப்படல. குரல் போனா நான் யாரு? இந்த மூஞ்சிய யாருக்குத் தெரியும்?

பாத்திரத்தை உருட்டி பதில் சொல்லிக்கிட்டு நான் வீட்ல உக்காந்திருக்கேன், அப்ப பாத்து வந்து நிக்கிறான் பரிதி.

துடைப்பத்த எடுத்துக் காட்டினேன். அவன் அசையல. உள்ள வந்து மோடாவுல உக்காந்தான். 'அக்கா, நா… நான் பேசணும்'னான். நான் என்ன பண்றது? வாயத் திறக்க முடியாது. காதத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அப்பா, ஒரு மனுஷன் பேசி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுது! ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு வாய்க்குள்ள நமநமங்குது, எடுத்துக் குடுத்துடலாம்னு. முடியல. மூணு இடத்துல நான் நினைச்ச வார்த்தை ஒண்ணு, அவன் சொன்னது வேற ஒண்ணு.

என்ன சொன்னான்? அன்னைக்கு அந்த மீட்டிங்கில அவன் கையத் தூக்கினானே, அது மேடத்துகிட்டப் பேசுறதுக்காம். 'கதை என்னோடது மேடம். அக்கா குரல் இல்லாம நான் தர மாட்டேன். நீங்க யோசிச்சுச் சொல்லுங்க'ன்னு சொல்ல வந்தானாம். வழியெல்லாம் அதையே மனசுக்குள்ள தயார் பண்ணி வெச்சிருந்தானாம், இப்படிக் கேப்பாங்கன்னு தெரிஞ்சு. 'அத… அதச் சொல்ல நீங்க விடலக்கா'ன்னான்.

பாருங்க! அப்ப நான் சொன்னதும் அவன் சொல்ல வந்ததும் ஒண்ணுதானே? நான் கொஞ்சம் சீக்கிரமாச் சொல்லிட்டேன், அவ்வளவுதான். இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்திருக்கான். சிரிப்புதான் வந்துச்சு, சிரிக்கவும் கூடாதாம்.

இப்ப தனியாப் போனப்ப என்ன ஆச்சுன்னும் சொன்னான். மேடமே போன் பண்ணி, 'நீங்க அன்னைக்குக் கை தூக்கினீங்க, என்ன சொல்ல வந்தீங்கன்னு எனக்குக் கேக்கணும்'னாங்களாம். போயிருக்கான். மத்தியானம் பூரா பேசியிருக்கான். ஒருத்தரும் குறுக்க பேசலையாம். பச்சைக்கு ஏன் கீறல்னு மறுபடி கேட்டாங்களாம். இவன், 'ஒழுகாத குடம் நடந்து போகும். இவ ஒழுகுறதாலதான் ஓடுறா. அடைச்சிட்டா கதை இல்ல'ன்னு சொன்னானாம். அவன் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ. நான் ஒரே மூச்சுல ஏழைங்கன்னு சொல்லி முடிச்சேன். சரி, அவங்களுக்கு அது பிடிச்சிருக்கு.

குரலுக்கும் சம்மதிச்சிட்டாங்களாம். டீக்கடையில நான் கத்துனத எப்பவோ போன்ல பிடிச்சு வெச்சிருக்கான் திருட்டுப்பய, அதப் போட்டுக் காட்டியிருக்கான். மேடம் திரும்பத் திரும்பக் கேட்டாங்களாம். 'இவங்களே இருக்கட்டும்'னாங்களாம். முதல்ல குரல் பதிவு, அப்புறம் என் வாய்க்கு இவன் படம் வரையிறான். நான் கேட்ட மாதிரியே.

'ஆனா ஒரு நி… நிபந்தனை அக்கா'ன்னான். 'மீட்டிங்குக்கு நீங்க வரக் கூடாது. நான் ம… மட்டும்தான்.'

நான் கையால கேட்டேன், யாரு போட்டது இந்த நிபந்தனைன்னு. அவன் சுவத்துல இருந்த கடிகாரத்தப் பாத்தான். 'அ… அவங்கதான்'னான். காது சிவந்து போச்சு. அவங்கதான்னு எனக்கு அப்பவே தெரியும். வேற யாரு? நான் எழுந்து வந்த வேகத்துல அவங்க பயந்துட்டாங்க. பயம் இருக்கட்டும். ஒத்துக்கிட்டேன்.

தொண்டை தேறினதும் ரெக்கார்டிங். டைரக்ஷன் இவன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரிதி, மேகநாதன், மும்பைலயிருந்து வந்திருந்த அச்சுதன். இந்தப் பக்கம் நானும் மைக்கும். அங்க ஒரு பட்டன் இருக்கு, அத அமுக்கிப் பேசினாத்தான் எனக்குக் கேக்கும். நான் பேசுறது அவங்களுக்கு வேணாம்னா மேகநாதன் என் சத்தத்தக் குறைச்சிடலாம். குறைச்சார்னு நான் சொல்லல. குறைச்சிருப்பார்.

முதல் கதையில கடைசிக் காட்சி. பச்சை ஓடி ஓடி வீட்டுக்கு வந்து சேந்துடுறா. வீட்டம்மா குடத்துக்குள்ள எட்டிப் பாத்து, 'இவ்வளவுதானா?'ன்னு கேக்குறா. பச்சை சொல்லணும்: 'இவ்வளவு இருக்கே.' அதான் வசனம்.

நான் விட்டேன் ஒரு விடு. 'இவ்வளவு இருக்கே!' இடுப்புல கைய வெச்சு, கண்ணாடி அதிர. எப்படி? இப்ப சொன்னதுக்கே அந்த சீட்ல இருக்கவங்க திரும்புறாங்க பாருங்க. பரிதி தலையாட்டினான், வேணாம்னு. மறுபடி. இன்னும் வீறாப்பா. வேணாம். அழுதுக்கிட்டே சொன்னேன். வேணாம். எனக்குக் கோபம். 'பின்ன எப்படித்தான் வேணும், நீயே சொல்லிக் காட்டு!'ன்னேன்.

அவன் பட்டன அமுக்கினான். அவன் கண்ணு இறுகி மூடிக்கிச்சு. அப்புறம் வந்துச்சு. 'இ… இவ்வளவு…' நின்னுடுச்சு. மேகநாதன் குனிஞ்சுக்கிட்டார். அச்சுதன் எங்கயோ பாத்தார். நான் அவன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன். 'இ… இருக்கே'ன்னு முடிச்சான். சிரிச்சுக்கிட்டே முடிச்சான்.

'சரி, போடுங்க'ன்னேன். சொன்னேன். 'இவ்வளவு…'ன்னு ஆரம்பிச்சேன், அங்க நின்னுடுச்சு. மூச்சு மேல ஏறல. அப்புறம்தான், 'இருக்கே'ன்னு மெல்ல வந்துச்சு. பரிதி பட்டன்லயிருந்து கைய எடுக்க மறந்துட்டான், அவன் மூச்சு விடுறது என் காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

அதத்தான் வெச்சாங்க. அந்த இடத்துலதான் எல்லாரும் அழுறாங்களாம். நீங்களும் அழுதீங்களா? பேப்பர்ல அதுக்கு மட்டும் ஒரு பத்தி எழுதியிருந்தாங்க, ஓவியர் சொல்லிக் குடுத்து வந்த குரல்னு. நம்பாதீங்கம்மா. யாரும் சொல்லிக் குடுக்கல. அது தொண்டைக் கோளாறு. வீக்கம் முழுசா வத்தல அன்னைக்கு, அதான் நடுவுல நின்னுச்சு. டாக்டர்கிட்ட வேணும்னா கேட்டுக்கலாம்.

இப்ப தொண்டை சுத்தமா நல்லாயிடுச்சு. ஆனாலும் அந்த வசனம் எப்ப வந்தாலும் நடுவுல நிறுத்தித்தான் சொல்றேன். அவ அப்படித்தான் பேசுவா.